வாயூறினால் நோகும் நாட்கள்: கூகைக்கட்டுக்கு என்ன கொடுப்பது, எதைத் தள்ளிவைப்பது

திருகோணமலைப் பாலையூற்றில் தங்கச்சி வீட்டில் என் பெறாமகனுக்குக் கூகைக்கட்டு வந்தபோது அவனுக்கு வயது 9. முதல் நாள் காய்ச்சல், தலையிடி, எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்ற சிணுங்கல். மறுநாள் விடிய எழும்பி வந்தவனைப் பார்த்தால், இடப்பக்கக் கன்னம் காதுக்குக் கீழே பருத்துக் கிடக்கிறது. காதுச் சோணை மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று நான்தான் தேசிக்காய் பிழிந்து, சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கரைத்துக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தான். கிளாஸை மேசையில் வைத்துவிட்டு உள்ளங்கையால் கன்னத்தை அமத்திப் பிடித்தான். அழவில்லை, கண் மட்டும் நிறைந்துவிட்டது. "பெரியம்மா, நோகுது" என்றான். அன்று பின்னேரம் வரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கவில்லை. தண்ணீரும் அப்படித்தான் நோகும் என்று பயந்துவிட்டான்.

அந்த ஒரு மிடறு ஏன் அவனை அந்தப் பாடு படுத்தியது என்று பிறகு தேடி விளங்கிக்கொண்டேன். அது விளங்கினால் இந்த வருத்தத்துக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பதில் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும். திருமலையில் வீட்டுக்கு வீடு ஒவ்வொரு பத்தியம் சொல்வார்கள். அவற்றில் நல்லதும் உண்டு, பிள்ளையைப் பட்டினி போடுவதும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்தச் சங்கதி தெரிந்திருப்பது நல்லது.

வீங்குவது எது?

கூகைக்கட்டு, பேச்சில் கூவக்கட்டு, ஒரு வைரஸ் நோய். தமிழ்நாட்டில் பொன்னுக்கு வீங்கி என்றும் புட்டாளம்மை என்றும் சொல்வார்கள். கழுத்தில் பொன் சங்கிலி போட்டால் வீக்கம் இறங்கும் என்ற நம்பிக்கையும் அங்கே இருக்கிறது. வைரஸ் தொற்றியதிலிருந்து பெரும்பாலும் 16 முதல் 18 நாட்களில் நோய் தெரியவரும். சிலருக்கு 12 நாளிலும் வரலாம், 25 நாள் வரை இழுக்கவும் செய்யலாம். அதனால்தான் "ஆரிட்டை இருந்து தொற்றினது?" என்று யோசித்தால் பிடிபடுவதில்லை. இரண்டு மூன்று கிழமைக்கு முன்பு ரியூசன் வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளை யார் என்று எவருக்கு நினைவிருக்கும்?

வைரஸ் முக்கியமாகக் குடியேறுவது உமிழ்நீர்ச் சுரப்பிகளில். அவற்றில் பெரியது காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்துக்குள் இருக்கும் சுரப்பி, பக்கத்துக்கு ஒன்று. அதைச் சுற்றி இறுக்கமான ஓர் உறை இருக்கிறது. உள்ளே சுரப்பி வீங்கும்போது அந்த உறை அதிகம் இளகிக் கொடுக்காது. வலிக்கு அதுவே பெரிய காரணம். சுரப்பியிலிருந்து ஒரு சின்னக் குழாய் கன்னத்துக்குள்ளால் வந்து, மேல்வரிசையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேரே திறக்கிறது. நாக்கு நுனியால் அந்த இடத்தைத் தடவினால் சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். நமக்கு வாயூறுகிறபோது உமிழ்நீர் சுரந்து வரும் வாசல்களில் அது ஒன்று.

சும்மா இருக்கும் நேரத்தில் இந்தக் கன்னச் சுரப்பிகள் அவ்வளவாக வேலை செய்வதில்லை. வாயை நனைத்து வைக்கும் உமிழ்நீரில் பெரும்பங்கு தாடைக்குக் கீழே இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது. சாப்பாடு வாய்க்குள் போய், மெல்லத் தொடங்கியதும்தான் கன்னச் சுரப்பி விழித்துக்கொள்கிறது. அதை மிக வேகமாக எழுப்புவது புளிப்பு. மாங்காயை உப்புத்தூளில் தொட்டு ஒருவர் தின்பதைப் பார்த்தாலே நமக்கு வாயூறுகிறதே, அந்த ஊறல் வீங்கிய சுரப்பிக்குள் நடந்தால் எப்படி இருக்கும்? உறை ஏற்கனவே இறுகிப்போயிருக்கிறது, குழாயும் வீக்கத்தில் நெருக்குண்டு கிடக்கிறது. அதற்குள் சுரக்கச் சொல்லிக் கட்டளை போகிறது. என் தேசிக்காய்த் தண்ணி செய்த வேலை அதுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சுரப்பி நோய்ப்பட்டிருப்பதால் வாய்க்கு வரும் உமிழ்நீர் குறைகிறது. வாய் காய்ந்து, நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் காய்ந்த சாப்பாட்டை நனைத்து உருட்டி விழுங்க வாயால் முடியாது. ஆக மெல்லுவதும் கஷ்டம், வாயைப் பெரிதாகத் திறப்பதும் கஷ்டம், நனைப்பதும் கஷ்டம். வாய் செய்யும் இந்த மூன்று வேலையையும் சில நாளைக்கு அடுப்படிதான் செய்து கொடுக்கவேண்டும். கூகைக்கட்டுக்குச் சமைப்பது என்றால் என் மட்டில் இவ்வளவுதான். வைரஸை விரட்டும் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. அதை விரட்டும் மருந்தும் இல்லை. உடம்பு தானாகவே ஒரு கிழமை, 10 நாளில் அதை வெல்கிறது. அதுவரை பிள்ளை காய்ந்துபோகாமலும் மெலிந்துபோகாமலும் பார்த்துக்கொள்வதுதான் நம் பங்கு.

புளி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது

புளிப்பை நிறுத்துங்கள் என்றால் எல்லாரும் தேசிக்காயையும் ஊறுகாயையும் நிறுத்திவிடுவார்கள். எங்கள் சமையலில் புளி அவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை. சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். வருத்தக்காரருக்கு இடியப்பமும் சொதியும் என்பது எல்லா வீட்டிலும் முதலில் வரும் யோசனை, நல்ல யோசனையும்கூட. ஆனால் சொதியை அடுப்பிலிருந்து இறக்கியதும் தேசிக்காய்ப் புளி விடுவது கைப்பழக்கம். யோசிக்காமலே கை போகும். தங்கச்சியும் முதல் தடவை அப்படித்தான் விட்டுவிட்டாள். பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிட்டான். சொதியில் உறைப்பு கூடிவிட்டது என்று நினைத்து, அடுத்த முறை பச்சைமிளகாயைக் குறைத்தோம். குறைக்கவேண்டியிருந்தது மிளகாய் மட்டும் இல்லை. புளி விடாமல் வைத்த பிறகு கோப்பையில் சொதி மிஞ்சவில்லை.

மீன் குழம்பில் பழப்புளி, சில வீடுகளில் கொறுக்காய். ஒடியல் கூழ் குடிக்கத்தானே சுகம் என்று தோன்றும், ஆனால் அதிலும் புளிக்கரைசல் உண்டு. ரசம் காய்ச்சலுக்கு நல்லது என்று யாராவது காய்ச்சி அனுப்புவார்கள், அதிலும் புளி. தக்காளி போட்ட சூப், தக்காளி சோஸ், அன்னாசி, தோடம்பழம், நெல்லி, விளாம்பழம், முந்திரிகைப்பழம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். போத்தல் சோடாக்களும் நாக்குக்கு இனிப்பாகத் தெரிந்தாலும் புளிப்புத்தான். அவற்றில் அமிலம் இருக்கிறது. மாலு பணிசுக்குள் இருக்கும் உறைப்பும், சில்லறைக் கடை டொபியும், சுயிங்கமும் வேறு வழியால் அதே வேலையைச் செய்யும். எதையாவது சூப்பிக்கொண்டோ சவைத்துக்கொண்டோ இருந்தால் சுரப்பி ஓய மாட்டாது.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும், அதைச் சொல்லியே ஆகவேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கத்துக்குத் தேசிக்காய்த் துண்டு சூப்பச் சொன்னார்கள் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சுரப்பியின் குழாயில் சிறு கல் அடைத்து வீங்கினால், உமிழ்நீரைப் பெருக்கிக் கல்லைத் தள்ளுவதற்காகப் புளிப்பு மிட்டாய் சூப்பச் சொல்வது உண்டு. அது வேறு வருத்தம். கல்லால் வரும் வீக்கம் சாப்பிடும் நேரத்தில் ஏறி, பிறகு இறங்கும். பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கு வருவது, மற்றவருக்குத் தொற்றாது. அந்த வைத்தியத்தை இதற்குச் செய்தால் பிள்ளை வீணாக வேதனைப்படும்.

விற்றமின் சி வேண்டுமே என்று கேட்பார்கள். ஒரு கிழமை தோடம்பழம் தின்னாவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. வேண்டுமானால் நன்றாகப் பழுத்த பப்பாசிப்பழத்தை மசித்துக் கொடுங்கள். அதில் அந்த விற்றமின் தாராளமாக இருக்கிறது, புளிப்பும் இல்லை, மெல்லவும் வேண்டியதில்லை.

முதலில் தண்ணீர்

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருமலை வெயில் எப்படிக் காயும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சூட்டில் காய்ச்சலும் சேர்ந்து, பிள்ளை விழுங்கப் பயந்து குடிக்காமலும் இருந்தால் உடம்பு அரைநாளிலேயே வறண்டுவிடும். சாப்பாடு இரண்டு நாள் குறைந்தால் பிறகு ஈடுசெய்யலாம். தண்ணீருக்கு அந்தத் தவணை கிடையாது.

கிளாஸ் நிறையக் கொடுத்து "குடிச்சு முடி" என்றால் நடக்காது. கரண்டியால் ஊட்டுங்கள், அல்லது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு மிடறு. ஸ்ட்ரோ வைத்தால் வாயைப் பெரிதாகத் திறக்காமல் குடிக்கலாம் என்று சில பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். உறிஞ்சும்போது கன்னம் இழுபட்டு நோவதாகச் சொன்னால் விட்டுவிடுங்கள். எங்கள் பிள்ளைக்குச் சின்னக் கோப்பைதான் சரிவந்தது. செவ்விளநீர், வெறும் தண்ணீர், ஆறிய மல்லித்தண்ணி, பால் விட்டுத் தளர்த்திய கஞ்சி எல்லாம் நல்லவை. வாந்தியும் இருந்தால் ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசல் பக்கற்றைப் பையில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். கூட்டிக் குறைக்கவேண்டாம். வத்தகப்பழத்தை விதை எடுத்து மசித்தாலும், வெள்ளரிப்பழத்தைச் சீனி போட்டுக் கரைத்தாலும் பாதித் தண்ணீர் அதிலேயே போய்ச் சேரும். நுங்குக் காலமாக இருந்தால் இளநுங்கின் உள்வழுக்கலை மட்டும் எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். அநேகமாக எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது.

பிள்ளை சலம் போகிறதா என்று கவனியுங்கள். ஆறு, எட்டு மணித்தியாலமாகப் போகவில்லை, போனாலும் கடும் மஞ்சளாக இருக்கிறது, உதடு வெடித்திருக்கிறது, அழுதால் கண்ணீர் இல்லை என்றால் வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது.

குளிர்ச்சாமான் கூடாது என்ற பேச்சு கட்டாயம் வரும். குளிர்ந்தது இந்த வைரஸுக்கு உதவி செய்வதில்லை. சூடான கஞ்சியைவிட ஆறிய கஞ்சியைப் பிள்ளை இலகுவாக விழுங்கும். கொஞ்சம் குளிர்ந்த பால், புளிப்பில்லாத ஐஸ்கிரீம் இரண்டு கரண்டி தொண்டைக்குச் சுகமாக இருந்தால் கொடுக்கலாம். வெளியே கன்னத்துக்கு ஈரத்துணி ஒத்தடமும் அப்படித்தான். சிலருக்கு இளஞ்சூடு பிடிக்கும், சிலருக்குக் குளிர். பிள்ளையைக் கேட்டுச் செய்யுங்கள்.

கோப்பையில் என்ன

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். முதல் இரண்டு நாள் பச்சையரிசிக் கஞ்சி. அரிசியை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் அவியவிட்டு, அகப்பையின் பின்புறத்தால் நசித்து, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு இறக்குவது. மாற்றத்துக்கு உளுத்தங்கஞ்சி. அதை வறுத்து அரைத்த உளுத்தம்மாவில் காய்ச்சினால் பருக்கை இருக்காது. சமபோஷா என்ற தானிய மாவை உருண்டை பிடித்துக் கொடுப்பதுதான் வழக்கம். அந்த உருண்டை இந்த வாய்க்கு ஒத்துவராது, சுடுபால் விட்டுக் கூழாக்கித்தான் கொடுத்தோம். மூன்றாம் நாள் இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் ஊறப்போட்டு, பத்து நிமிடம் கழித்து ஊட்டினோம். ஊறிய இடியப்பம் நாக்காலேயே நசியும். பிட்டு அப்படி இல்லை. உதிரி உதிரியாக வாய்க்குள் பரவி, எல்லாவற்றையும் திரட்ட வாய் பாடுபடவேண்டும். பிட்டுத்தான் வேண்டும் என்றால் பாலும் கதலிப்பழமும் போட்டுக் குழைத்துக் கொடுங்கள்.

பாணின் கரையை வெட்டி எறிந்துவிட்டுப் பாலில் ஊறவைக்கலாம். மாரி பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்ப்பதும் பரவாயில்லை. ரொட்டி, கொத்து, முறுக்கு, மிக்சர், கச்சான், கடலை, மரவள்ளிப் பொரியல், கருவாட்டுப் பொரியல் எல்லாம் பொறுத்திருக்கட்டும். சிவப்பரிசிச் சோறு நல்லதுதான், ஆனால் மெல்லவேண்டும். இந்தக் கிழமைக்கு வெள்ளையரிசியைக் குழைய வடித்து, பருப்பும் பூசணியும் கரட்டும் பாலில் அவித்து மசித்தால் போதும்.

சரி, மீன்? திருமலையில் இருந்துகொண்டு மீனைப் பற்றிப் பேசாமல் முடியாது. சண்டை வருவதும் அங்கேதான். மீன், முட்டை, தயிர் மூன்றையும் ஒரே மூச்சில் நிறுத்தச் சொல்லும் வீடுகள் பல. மீனும் முட்டையும் சூடு, இறாலும் நண்டும் கிரந்தி, தயிர் குளிர்ச்சி என்பார்கள். மூன்றையும் எடுத்துவிட்டால் பிள்ளைக்கு என்ன மிஞ்சுகிறது? அரிசிக் கஞ்சியும் சீனித் தண்ணியும். காய்ச்சலில் உடம்பு தன் தசையைக் கரைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் புரதத்தை முழுதாக நிறுத்துவது பிள்ளையை மேலும் சோரவைக்கும். மீனோ முட்டையோ கூகைக்கட்டு வீக்கத்தைக் கூட்டும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. முன்பே ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் அது வேறு கதை. எனக்குத் தெரிந்த கெட்டிக்கார ஆச்சிமார் பத்தியத்துக்கு என்று முள் குறைந்த மெல்லிய மீனைத்தான் தேடுவார்கள், மீனையே நிறுத்துவதில்லை. ஒரு துண்டு விளைமீனையோ பாரைக்குட்டியையோ மஞ்சள், மிளகு, தேங்காய்ப்பாலில் புளி விடாமல் அவித்து, விரலால் நசித்து ஒவ்வொரு முள்ளாக எடுத்து, குழைந்த சோற்றோடு பிசைந்து ஊட்டினால் மெல்லவே தேவையில்லை. தங்கச்சி அதை ஐந்தாம் நாள்தான் துணிந்து செய்தாள். மூன்றாம் நாளே செய்திருக்கலாம் என்று இப்போதும் சொல்வாள்.

முட்டையை நன்றாக அவித்தால் மஞ்சட்கரு மாவாகி வாயில் ஒட்டும். அதைவிடப் பாலும் ஒரு துளி நெய்யும் விட்டுக் கிண்டி, இளக்கமாக எடுத்தால் நல்லது. எருமைத் தயிர் விஷயத்தில் நான் ஒரு பக்கம் சாய மாட்டேன். மூதூர், கிண்ணியாப் பக்கத்துத் தயிர் புதிதாக உறைந்த அன்று இனிப்பாகவே இருக்கும், பாணி விட்டால் பிள்ளை விரும்பிச் சாப்பிடும். சட்டி திறந்து மூன்று நாளானால் புளித்துவிடும். அதனால் கேள்வி தயிரா இல்லையா என்பதில்லை, எத்தனை நாள் தயிர் என்பதுதான். மோர் வேண்டாம்.

அம்மாள் வருத்தம் என்று எண்ணி வீட்டில் மச்சம் சமைக்காமல் விரதம் காப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்கு வாக்குவாதம் இல்லை. அப்படியானால் பாசிப்பயறு, உளுந்து, பருப்பு, பால் இவற்றால் அந்த இடத்தை நிரப்புங்கள், வெறும் கஞ்சித் தண்ணியோடு விடாதீர்கள். கிண்ணியாவில் எங்கள் சிநேகிதி ஒருவர் வீட்டில், நோன்புக் கஞ்சி காய்ச்சும் பதத்தில் கோழி இறைச்சியைக் கரையக் கரைய அவித்துக் காய்ச்சிக் கொடுப்பார்கள். தேசிக்காயை மட்டும் விட்டுவிட்டால் அதைவிட நல்ல கூகைக்கட்டுச் சாப்பாட்டை நான் கண்டதில்லை.

எண்ணெய்ப் பண்டத்தை நிறுத்தச் சொல்வதற்கு ஒரு நியாயம் உண்டு. இந்த வைரஸ் சிலருக்கு, கொழுப்பைச் செரிக்க உதவும் கணையத்தையும் தாக்கும். அதற்காக எல்லாப் பிள்ளைக்கும் ஒரு சொட்டு நெய்கூடக் கொடுக்காமல் இருக்கத் தேவையில்லை. ஆனால் மேல்வயிறு கடுமையாக நோகிறது, திரும்பத் திரும்ப வாந்தி வருகிறது என்றால் கஞ்சியை மாற்றிப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பனடோலும் நேரமும்

வலி குறைந்திருக்கும் நேரத்தில் சாப்பாடு கொடுப்பது மிகப் பெரிய உதவி. வைத்தியர் நிறைக்கு ஏற்பச் சொன்ன அளவில் பனடோலை (பரசிற்றமோல்) கொடுத்து, அரை மணித்தியாலம் கழித்துக் கோப்பையை எடுத்தால் அதே பிள்ளை அதே கஞ்சியை இரண்டு மடங்கு குடிக்கும். நாங்கள் முதலில் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தோம், வெறும் வயிற்றில் கூடாது என்று நினைத்து. மாற்றிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

டிஸ்பிரின், அதாவது அஸ்பிரின், பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். வைரஸ் காய்ச்சல் நேரத்தில் அஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய ஆபத்து ஒன்று பிள்ளைகளுக்கு வரலாம். அதோடு, 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். இந்த மாவட்டத்தில் காய்ச்சல் என்றால், கன்னம் வீங்கும் வரை அது கூகைக்கட்டா டெங்குவா என்று வீட்டில் இருந்தபடி சொல்ல முடியாது. டெங்குவாக இருந்தால் அஸ்பிரினும் இபுபுரோபெனும் இரத்தப்போக்கைக் கூட்டும். அதனால் வைத்தியர் பார்க்கும் வரை பனடோல் மட்டும்தான்.

சாப்பிட்ட பிறகு இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். உமிழ்நீர் குறைந்த வாயில் கஞ்சி ஒட்டிக்கொண்டு கிடக்கும், வாய் நாறும், அது இருக்கிற பசியையும் கெடுக்கும்.

கோப்பையும் கரண்டியும் வேறாக இருக்கட்டும். நோய் தொற்றுவது உமிழ்நீராலும் இருமல் தும்மலாலும்தான். பிள்ளை மிச்சம் வைத்த கஞ்சியை வீணாக்கக்கூடாது என்று அம்மாமார் குடிப்பது உண்டு, தம்பி தங்கைக்கு ஊட்டுவதும் உண்டு. இந்த நாட்களில் அதை ஊற்றிவிடுங்கள். வீக்கம் தொடங்கிய நாளிலிருந்து 5 நாள் பள்ளிக்கூடம், ரியூசன், கோயில் திருவிழா எதுவும் வேண்டாம். வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும் என்பதால், வீட்டில் மற்றவர்களுக்கு ஏற்கனவே போயிருக்கவும் கூடும்.

வருத்தம் பார்க்க வருபவர்கள் இந்த நேரத்தில் பைநிறையப் பழம் கொண்டுவருவார்கள். எங்கள் வீட்டு மேசையில் மூன்றாம் நாள் தோடம்பழமும் அப்பிளும் முந்திரிகைப்பழமும் குவிந்திருந்தன. அன்போடு கொண்டுவந்தது, ஒன்றைக்கூட அவனால் தின்ன முடியவில்லை. அப்பிளைத் தோல் சீவி, அவித்து, மசித்துக் கொடுத்தோம். மற்றதை நாங்கள்தான் தின்றோம். யாராவது "என்ன வாங்கிக்கொண்டு வரட்டும்?" என்று கேட்டால் கதலிப்பழமும் செவ்விளநீரும் என்று சொல்லிவிடுங்கள். அவர்களும் சந்தோசப்படுவார்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாத நிலை

கழுத்தை முன்னுக்கு வளைக்க முடியாத இறுக்கம், வெளிச்சம் கூசுவது, கடும் தலையிடி, வலிப்பு, பிள்ளை மயங்கிச் சோர்ந்து கிடப்பது, காது கேட்காமல் போவது, மேலே சொன்ன வயிற்று வலியும் வாந்தியும் — இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பருவம் வந்த பையன்களுக்கும் ஆண்களுக்கும் விதை வீங்கி நோகலாம். ஊசி போடாதவர்களில் 100 பேரில் 30 பேர் வரைக்கும் அது வரக்கூடும். வெட்கத்தில் சொல்லாமல் இருப்பார்கள். தாய் தகப்பன் முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது. பெரும்பாலும் அது மாறிவிடும், அதற்காகப் பயமுறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

இலங்கையில் கூகைக்கட்டுக்கான தடுப்பூசி, தட்டம்மை, ருபெல்லாவோடு சேர்ந்த முக்கூட்டு ஊசியாக 2011இல் தேசிய அட்டவணைக்குள் வந்தது. இப்போது 9 மாதத்தில் ஒன்றும் 3 வயதில் ஒன்றும் போடுகிறார்கள். இரண்டும் போட்டால் கிட்டத்தட்ட 86 வீதம் பாதுகாப்பு. எங்கள் பிள்ளைக்கு 3 வயது ஊசி வீடு மாறிய குழப்பத்தில் தவறிப்போய்விட்டது, அது எங்கள் பிழை. 2011க்கு முன்பே வளர்ந்துவிட்டவர்களுக்கு இந்த ஊசி அட்டவணையில் கிடைத்திருக்காது. அதனால்தான் வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அண்ணன்மாரையும் சித்தப்பாமாரையும் கவனிக்கச் சொல்கிறேன். பிள்ளையின் சுகாதாரக் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள், சந்தேகம் என்றால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

வீக்கம் இறங்கிய பிறகு

வீக்கம் முதல் மூன்று நாளில் ஏறி, பிறகு மெல்ல மெல்ல இறங்கும். ஒரு பக்கம் இறங்கும்போது மறுபக்கம் ஏறுவதும் உண்டு. எங்கள் பிள்ளைக்கு நான்காம் நாள் வலப்பக்கம் தொடங்கியது, திரும்பவும் கஞ்சிக்கே போனோம். அப்படி நடந்தால் மனம் உடைய வேண்டாம். அதன் இயல்பு அப்படி.

பசி திரும்பியதும் பிள்ளை கேட்டுத் தின்னும். தின்ன விடுங்கள். மூன்று வேளையோடு பின்னேரம் ஒரு கோப்பை பயறும் தேங்காய்ப்பூவும், அல்லது பாலும் பழமும் கூடுதலாகச் சில நாளைக்குக் கொடுத்தால் மெலிந்தது திரும்பிவிடும். மெல்லும் சாப்பாட்டை முதலில் சேர்க்கவேண்டும், குழைந்த சோற்றிலிருந்து உதிர்ந்த சோறு, பிறகு பிட்டு, ரொட்டி என்று. புளிப்பைக் கடைசியில். அதற்கு நாள் கணக்குப் பார்க்காமல் வாயைக் கேட்பதுதான் சரி.

பத்தாம் நாள் பின்னேரம் அவன் அடுப்படிக்கு வந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் தொங்கும் மாங்காயைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான். தங்கச்சி ஒரு தேசிக்காயை வெட்டி, விரல் நுனியில் ஒரு சொட்டுப் பிழிந்து அவன் நாக்கில் தொட்டாள். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, காதுக்குக் கீழே இரண்டு கையையும் வைத்துக் காத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "நோகேல்லை அம்மா" என்றான். மற்றப் பாதியை அன்றிரவு சொதிக்குள் விட்டோம்.